விடைபெறும் வெள்ளி அடைப்பு: பல் சொத்தைக்கு இனி எது உறுதி, எது நீடிக்கும்?

நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் சொத்தைப் பற்களை அடைக்கப் பயன்பட்டு வரும் வெள்ளி நிற அமால்கம், 2034-ஆம் ஆண்டுக்குள் பயன்பாட்டிலிருந்து விலக உள்ளது. பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள், 2025 நவம்பரில் ஜெனீவாவில் நடைபெற்ற ஆறாவது மாநாட்டில் இதற்கு உடன்பாடு கண்டன. அந்த உடன்படிக்கையை 2018-இல் ஏற்புறுதி செய்த இந்தியாவுக்கும் இந்தக் கெடு பொருந்தும்.

பாதரசத்தைக் கைவிடுவதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதன் இடத்தை எந்தப் பொருள் நிரப்பும், அது எத்தனை ஆண்டுகள் தாங்கும், அதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்விகளுக்கே இன்னும் தெளிவான விடை தேவைப்படுகிறது. நகரத்துத் தனியார் கிளினிக்குகளில் பல்லின் நிறத்திலேயே அமையும் காம்போசிட் அடைப்பு ஏற்கெனவே பரவலாகிவிட்டது. ஆனால் உறுதியையும் ஆயுளையும் வைத்துப் பார்க்கையில், எல்லா வகையிலும் அமால்கத்துக்கு ஈடான ஒரே மாற்று இதுவரை உருவாகவில்லை என்பதையே நீண்டகால ஆய்வுகள் உணர்த்துகின்றன.

மினமாட்டாவில் தொடங்கிய பாதை

ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவாகக் கலந்த மெத்தில் பாதரசம், மீன்கள் வழியாக மனிதர்களைச் சென்றடைந்து ஏற்படுத்திய நரம்பு நோய் 1956-இல் அடையாளம் காணப்பட்டது. அந்த ஊரின் பெயரையே தாங்கிய உடன்படிக்கை 2013-இல் நிறைவேற்றப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2014-இல் அதில் கையெழுத்திட்டது.

வெப்பமானி, மின்கலம், ஒளிவிளக்கு போன்ற பாதரசப் பொருள்களுக்குத் தொடக்கத்திலேயே காலக்கெடு விதிக்கப்பட்டது. பல் அமால்கத்துக்கு மட்டும் அப்போது தடை விதிக்கப்படவில்லை. படிப்படியாகக் குறைத்தால் போதும் என்ற சலுகை அளிக்கப்பட்டது. மலிவானதும் உறுதியானதுமான மாற்று பல நாடுகளில் கிடைக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். 2022-இல் விதிகள் இறுகின. பால் பற்களிலும், 15 வயதுக்கு உட்பட்டோரிடமும், கர்ப்பிணிகள் மற்றும் பாலூட்டும் தாய்மார்களிடமும், மருத்துவர் அவசியம் எனக் கருதினால் அன்றி, அமால்கம் பயன்படுத்துவதைத் தவிர்க்க உறுப்பு நாடுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என முடிவானது.

நார்வேயும் ஸ்வீடனும் பல ஆண்டுகளுக்கு முன்பே அமால்கத்தைக் கைவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவ ரீதியாகத் தவிர்க்க இயலாத சூழல்கள் நீங்கலாக, 2025 ஜனவரி 1 முதல் அதன் பயன்பாட்டுக்குப் பொதுத் தடை விதித்தது. இந்த வரிசையில் 2034 என்பது திடீர் அறிவிப்பு எனக் கூற இயலாது. நீண்ட காலமாகத் தெரிந்திருந்த ஒரு முடிவுக்கு இப்போது தேதி குறிக்கப்பட்டுள்ளது.

உறுதி வேறு, ஆயுள் வேறு

ஓர் அடைப்புப் பொருளின் தரத்தை மதிப்பிடுகையில் உறுதி, ஆயுள் ஆகிய இரண்டு சொற்களும் பெரும்பாலும் ஒரே பொருளில் கையாளப்படுகின்றன. பல் மருத்துவத்தில் இவை இரண்டும் வெவ்வேறானவை. உறுதி என்பது ஆய்வகத்தில் அளக்கக்கூடியது. ஒரு பொருளை இரு தகடுகளுக்கு இடையில் வைத்து நசுக்கும்போது எவ்வளவு அழுத்தத்தில் அது உடைகிறது என்பதை மெகாபாஸ்கல் அளவில் குறிப்பிடுவர். ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது சுமார் 10 கிலோ எடையை வைப்பதற்குச் சமம்.

இயற்கைப் பல்லின் மேலுறையான எனாமல் ஏறத்தாழ 380 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும். அதன் உள்ளே இருக்கும் டென்டின் ஏறத்தாழ 300 மெகாபாஸ்கல் வரை தாங்கும். அடைப்புப் பொருள்களில், இன்று பயன்படும் செம்பு மிகுந்த அமால்கம் முழுமையாக இறுகிய பின் 400 மெகாபாஸ்கலுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்குகிறது. காம்போசிட் வகைகள் பொதுவாக 250 முதல் 400 வரை தாங்குகின்றன. கிளாஸ் அயனோமர் சிமெண்டின் அளவு பெரும்பாலும் 100 முதல் 200 வரையே உள்ளது.

இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் அமால்கமே வெல்லும். ஆனால் வாய்க்குள் அடைப்பு சந்திக்கும் சோதனை, ஒரே முறை நசுக்கிப் பார்ப்பதோடு முடிவதில்லை. நாளொன்றுக்குப் பல நூறு முறை மெல்லும் அழுத்தம், ஐஸ் நீரும் சூடான காபியும் மாறி மாறி ஏற்படுத்தும் சுருக்கமும் விரிவும், உமிழ்நீரின் ஈரம், கிருமிகள் உமிழும் அமிலம் ஆகிய அனைத்தையும் அது ஆண்டுக்கணக்கில் எதிர்கொள்ள வேண்டும். அடைப்பின் நடுப்பகுதி உடைவதைவிட, பல்லும் அடைப்பும் சேரும் விளிம்பு விட்டுப்போய் அதன் அடியில் மீண்டும் சொத்தை உருவாவதே பல வேளைகளில் தோல்விக்குக் காரணமாகிறது. ஆயுள் என்பது பெரும்பாலும் அந்த விளிம்பின் கதைதான்.

அமால்கம்: தானே அடைத்துக்கொள்ளும் உலோகம்

அமால்கத்தின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். எஞ்சியது வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூள். இரண்டையும் கலந்தால் களிமண் போன்ற பதம் கிடைக்கும். அதைக் குழியில் அழுத்தி நிரப்பினால் சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும்.

இதைச் சுற்றிய சர்ச்சையும் பழமையானது. 1840-இல் அமெரிக்காவில் உருவான முதல் தேசிய பல் மருத்துவர் சங்கம், அமால்கத்தைப் பயன்படுத்த மாட்டோம் என உறுப்பினர்களிடம் உறுதிமொழி கோரியது. அந்தப் பிணக்கே சங்கத்தைப் பிளந்து, 1856-இல் அது கலைவதற்கு வழிவகுத்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜி.வி. பிளாக் என்ற அமெரிக்க மருத்துவர் கலவையின் விகிதங்களைச் சீர்படுத்தினார். 1960-களில் செம்பின் அளவு உயர்த்தப்பட்டபோது, எளிதில் அரித்துப்போகும் பகுதி குறைந்து அதன் ஆயுள் மேலும் கூடியது.

அமால்கத்தின் வலிமை மூன்று இயல்புகளில் அடங்கியுள்ளது. முதலாவது, கடைவாய்ப் பற்களின் மெல்லும் அழுத்தத்தை அது எளிதில் தாங்குகிறது. இரண்டாவது, சற்று ஈரமான சூழலிலும் அதை வைக்க இயலும்; உமிழ்நீரை முழுமையாகக் கட்டுப்படுத்த முடியாத இடத்தில் இது பெரும் நன்மை. மூன்றாவது, காலப்போக்கில் அதன் மேற்பரப்பில் உருவாகும் அரிமானப் பொருள்கள் விளிம்பு இடைவெளியை நிரப்பிவிடுகின்றன. ஏனைய அடைப்புகளின் விளிம்பு நாள்பட நாள்பட நெகிழும் நிலையில், அமால்கத்தின் விளிம்பு ஓரளவு இறுகுகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. அமால்கம் பல்லோடு ஒட்டுவதில்லை. அது கழன்று விழாமல் இருக்க, குழியின் அடிப்பகுதி வாயைவிட அகலமாகச் செதுக்கப்பட வேண்டும். அதற்காக நல்ல பல்லும் சேர்த்து அகற்றப்படுகிறது. மெலிந்துபோன பல் சுவர்கள் பின்னாளில் பிளவுபடுவதும் உண்டு. தோற்றம் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

காம்போசிட்: ஒட்டும் திறன், சுருங்கும் குணம்

எனாமலை அமிலத்தால் லேசாக அரித்தால் அதன் மீது பிசின் உறுதியாக ஒட்டும் என்பதை 1955-இல் மைக்கேல் பியூனகோர் வெளியிட்டார். 1960-களின் தொடக்கத்தில் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசினுடன் கண்ணாடி போன்ற நுண்துகள்கள் சேர்ந்ததில் இன்றைய காம்போசிட்டின் அடித்தளம் அமைந்தது. நீல ஒளியைப் பாய்ச்சினால் சில வினாடிகளில் இறுகும் இப்பொருள், பல்லின் நிறத்தோடு கலந்துவிடுகிறது.

ஒட்டுவதால் சொத்தையான பகுதியை மட்டும் நீக்கினால் போதும். நல்ல பல் பாதுகாக்கப்படுகிறது. எஞ்சிய பல் சுவர்களுக்கு அது ஓரளவு ஆதரவும் தருகிறது. ஒரு மூலை உடைந்தால் முழு அடைப்பையும் எடுக்காமல் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய இயலும்.

இதன் பலவீனம் இறுகும் நொடியிலேயே தொடங்குகிறது. ஒளி பட்டு இறுகும்போது பெரும்பாலான காம்போசிட்டுகள் கொள்ளளவில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் சுருங்குகின்றன. அந்தச் சுருக்கம் பல் சுவரை உள்நோக்கி இழுக்கிறது. பிணைப்பு எங்கு பலவீனமோ அங்கு மயிரிழை இடைவெளி உருவாகிறது. இதைக் குறைக்கவே வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே ஒளியால் இறுகச் செய்கின்றனர். ஒரே தடவையில் சுமார் 4 மில்லிமீட்டர் வரை நிரப்பக்கூடிய வகைகளும் இப்போது உள்ளன.

அமிலம் தடவி, கழுவி, உலர்த்தி, ஒட்டுப்பசை பூசி, அடுக்கடுக்காக நிரப்பும் இந்த நடைமுறையில் ஒரு துளி உமிழ்நீரோ இரத்தமோ இடையில் பட்டால் பிணைப்பு கெடும். ஆகவே, பல்லை மட்டும் தனித்துப் பிரிக்கும் ரப்பர் திரை, தரமான ஒளிக்கருவி, தடையற்ற மின்சாரம், போதிய நேரம், பயிற்சி பெற்ற கை ஆகிய அனைத்தும் காம்போசிட்டின் ஆயுளில் பங்கு வகிக்கின்றன. அமால்கம் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். காம்போசிட்டில் அந்தப் பிழை சில ஆண்டுகளில் விளிம்புச் சொத்தையாக வெளிப்படும்.

கிளாஸ் அயனோமர்: வலிமை குறைவு, பயன் அதிகம்

லண்டனில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் ஆகியோர் 1960-களின் இறுதியில் உருவாக்கிய கிளாஸ் அயனோமர் சிமெண்ட், ஒரு வகைக் கண்ணாடித் தூளும் பாலிஅக்ரிலிக் அமிலமும் வினைபுரிந்து இறுகும் பொருள். தனிப் பசை ஏதுமின்றிப் பல்லின் கால்சியத்தோடு வேதிப் பிணைப்பை ஏற்படுத்திக்கொள்வது இதன் சிறப்பு. வெப்பத்தில் விரிவதிலும் சுருங்குவதிலும் இது பல்லை ஒத்திருக்கிறது. ஃபுளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடுகிறது.

எனினும் வளையும் அழுத்தத்தையும் தேய்மானத்தையும் இதனால் அதிகம் தாங்க இயலாது. இரண்டு மூன்று பரப்புகளில் விரிந்த பெரிய கடைவாய்ப் பல் குழியை இதனால் அடைத்தால் உடையும் வாய்ப்பு அதிகம். ஒரே பரப்பில் உள்ள சிறு குழிகளிலும், பால் பற்களிலும், ஈறை ஒட்டிய சொத்தைகளிலும் இது நன்கு செயல்படுகிறது.

மின்சாரமும் சுழல் கருவியும் இல்லாத இடங்களுக்கு இது அளித்துள்ள வாய்ப்பு குறிப்பிடத்தக்கது. 1980-களில் தான்சானியாவில் தொடங்கிய ‘ஏ.ஆர்.டி’ எனும் முறையில், கைக்கருவிகளால் மட்டுமே சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமரை நிரப்புகின்றனர். பெரும்பாலும் ஊசி மருந்தும் தேவைப்படுவதில்லை. இம்முறை பற்றிய ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2012-இல் வெளியான மதிப்பீட்டின்படி, நிரந்தரப் பற்களின் ஒற்றைப் பரப்பு அடைப்புகளில் சுமார் 80 சதவீதம் ஐந்து ஆண்டுகளைக் கடந்து நிலைத்தன. பால் பற்களின் பல பரப்பு அடைப்புகளிலோ இரண்டு ஆண்டுகளில் சுமார் 62 சதவீதமே எஞ்சின. பொருள் ஒன்றே, குழியின் அளவும் இடமும் மாறியதும் முடிவும் மாறிவிட்டது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் தனது அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் கிளாஸ் அயனோமர் சிமெண்டைச் சேர்த்தது.

பீங்கானும் உலோகமும்

உறுதியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், ஆய்வகத்தில் தயாரித்துப் பல்லில் பொருத்தப்படும் பொருள்களே முன்னிலை வகிக்கும். காம்போசிட்டின் வளைவு உறுதி 80 முதல் 150 மெகாபாஸ்கல் அளவில் இருக்க, லித்தியம் டைசிலிகேட் பீங்கானில் அது ஏறத்தாழ 350 முதல் 500 வரையிலும், சிர்கோனியாவின் சில வகைகளில் 900-க்கு மேலும் உள்ளது. தங்கக் கலவை அடைப்புகள் பல பத்தாண்டுகள் நீடிப்பதும் நெடுங்காலமாக அறியப்பட்டதே.

ஆயினும் இவை எளிய சொத்தைக்கான தீர்வுகள் ஆகா. பல்லின் பெரும்பகுதி சிதைந்த நிலையிலோ, வேர் சிகிச்சை முடிந்த பிறகோ இவை பொருத்தமாகின்றன. செலவு பல மடங்கு கூடுவதோடு, பல்லையும் அதிகம் செதுக்க நேரிடும். மேற்பரப்பு சரியாக மெருகேற்றப்படாத பீங்கான், எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடவும் கூடும்.

ஆய்வுகள் உணர்த்தும் உண்மை

அமால்கத்தையும் காம்போசிட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில், போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் பள்ளிச் சிறுவர்களிடம் நடத்தப்பட்டது முக்கியமானது. அதன் முடிவுகளின்படி, ஏழு ஆண்டுகளுக்குப் பின் அமால்கம் அடைப்புகளில் 94.4 சதவீதமும் காம்போசிட் அடைப்புகளில் 85.5 சதவீதமும் நல்ல நிலையில் இருந்தன. காம்போசிட் அடைப்புகளின் தோல்விக்கு முதன்மைக் காரணம் உடைவதன்று. விளிம்பில் மீண்டும் உருவான சொத்தை. அமால்கத்தைவிட அந்த அபாயம் 3.5 மடங்கு இருந்தது.

காக்ரேன் அமைப்பு 2021-இல் புதுப்பித்து வெளியிட்ட மதிப்பாய்வும் இதே திசையைக் காட்டியது. காம்போசிட் அடைப்புகள் தோல்வியடையும் வாய்ப்பு அமால்கத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்றும், உடைவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும் அது தெரிவித்தது. எனினும் கிடைத்த சான்றுகளின் உறுதித்தன்மை குறைவு என்பதையும் அது பதிவு செய்தது.

மறுபக்கமும் உண்டு. நெதர்லாந்தில் 12 ஆண்டுக் காலப் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், சொத்தை அபாயம் குறைவாக இருந்தவர்களிடம் பெரிய காம்போசிட் அடைப்புகள் அமால்கத்தைவிட நன்றாக நீடித்தது தெரியவந்தது. சொத்தை அபாயம் மிகுந்தவர்களிடம் மூன்று பரப்பு அடைப்புகளில் அமால்கமே முந்தியது.

காம்போசிட் குறித்த பல ஆய்வுகளை ஒன்றிணைத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வு, இந்த முரண்பாட்டுக்கு விளக்கம் அளிக்கிறது. பத்து ஆண்டுக் கணக்கில், சொத்தை அபாயம் குறைந்தவர்களிடம் ஆண்டுக்கு 1.6 சதவீத அடைப்புகள் தோல்வியடைந்தன. அபாயம் மிகுந்தவர்களிடம் அது 4.6 சதவீதம். இதே விகிதம் தொடர்ந்தால், நூறு அடைப்புகளில் பத்தாண்டுகளுக்குப் பின் முதல் பிரிவில் சுமார் 85-ம், இரண்டாவது பிரிவில் சுமார் 62-ம் மட்டுமே எஞ்சும். லிஸ்பன் ஆய்வில் இரு பொருள்களுக்கு இடையே காணப்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 9 புள்ளிகள். இங்கு ஒரே பொருள், வெவ்வேறு வாய்கள். வேறுபாடு 20 புள்ளிகளுக்கும் மேல். கால அளவும் ஆய்வு முறையும் வேறு என்பதால் இரண்டையும் துல்லியமாக ஒப்பிட இயலாது. ஆயினும் அடைப்பின் ஆயுளை, அது என்ன பொருள் என்பதைப் போலவே அது எந்த வாயில் வைக்கப்பட்டது என்பதும் தீர்மானிக்கிறது என்ற உண்மை இதில் தெளிவாகிறது.

பழைய அடைப்பை அகற்ற வேண்டுமா?

அமால்கத்துக்குத் தடை வருகிறது என்ற செய்தி, ஏற்கெனவே அந்த அடைப்பை வைத்திருப்போரிடையே அச்சத்தை எழுப்புவது இயல்பு. மெல்லும்போது அமால்கத்திலிருந்து மிகச் சிறிய அளவில் பாதரச ஆவி வெளியாவது உண்மை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியிலும் லிஸ்பனிலும் சிறுவர்களிடம் நடைபெற்று 2006-இல் வெளியான இரு பெரும் ஆய்வுகளில், நுண்ணறிவு மற்றும் நரம்புச் செயல்பாடுகளில் அமால்கத்தால் குறிப்பிடத்தக்க பாதிப்பு காணப்படவில்லை.

முன்னெச்சரிக்கை நோக்கில், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், நரம்பியல் நோய் உள்ளோர், சிறுநீரகச் செயல்பாடு குன்றியோர் ஆகியோருக்கு இயன்றவரை அமால்கத்தைத் தவிர்க்குமாறு அது கூறியது. அதே அறிவிப்பில், நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்புகளை மருத்துவத் தேவையின்றி அகற்ற வேண்டாம் என்றும் வலியுறுத்தியது. துளையிட்டு அகற்றும்போது ஆவி கூடுதலாக வெளியாவதும், நல்ல பல்லில் ஒரு பகுதி இழக்கப்படுவதும் அதற்குக் காரணங்கள்.

உடன்படிக்கையின் முதன்மை அக்கறை சுற்றுச்சூழல் சார்ந்தது. கிளினிக்கின் கழிவுநீரில் கலக்கும் அமால்கத் துகள்களும், இறந்தோரின் உடல் தகனத்தின்போது வெளியேறும் ஆவியும் மண்ணையும் நீரையும் சென்றடைகின்றன. பாதரசம் ஓரிடத்தில் படிந்தால் எளிதில் நீங்குவதில்லை என்பதை, கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் மண்ணைத் தூய்மைப்படுத்தும் நீண்ட போராட்டம் இந்தியாவுக்கு உணர்த்தியுள்ளது. மாற்றுப் பொருள்களும் குறையற்றவை அல்ல. காம்போசிட்டின் பிசின் மூலக்கூறுகள், அதைத் தேய்த்து மெருகேற்றும்போது வெளியாகும் நுண்துகள்கள் ஆகியவை பற்றிய ஆய்வுகள் தொடர்கின்றன.

இந்தியாவின் கணக்கு

தேசிய அளவில் 2002-03-இல் நடத்தப்பட்ட வாய்நலக் கணக்கெடுப்பில், 12 வயதுச் சிறாரில் 53.8 சதவீதத்தினருக்கும் 35 முதல் 44 வயதினரில் 80.2 சதவீதத்தினருக்கும் பல் சொத்தை இருந்தது தெரியவந்தது. உலக அளவில் சுமார் 200 கோடிப் பேர் நிரந்தரப் பற்களில் சொத்தையுடன் வாழ்வதாக உலக சுகாதார அமைப்பின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிடுகிறது.

நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகளும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவு பெற்ற பல் மருத்துவர்களும் உள்ளனர். எண்ணிக்கையில் பற்றாக்குறை இல்லை; ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நகரங்களிலேயே பணியாற்றுகின்றனர். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானது என்பதால், வெளிநோயாளியாகப் பெறும் சாதாரணப் பல் அடைப்பு அதன் வரம்புக்குள் வருவதில்லை. தனியார் காப்பீடுகளிலும் பெரும்பாலானவை பல் சிகிச்சையை விலக்கியே வைத்துள்ளன. எனவே அடைப்புக்கான செலவு பெரும்பாலும் குடும்பத்தின் கையிருப்பிலிருந்தே வருகிறது.

இந்தச் சூழலில் அமால்கம் விலகுவதன் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழாது. நகரத்து நடுத்தர வர்க்கம் ஏற்கெனவே காம்போசிட்டுக்கு மாறிவிட்டது. அரசு மருத்துவமனைகளையும் கல்லூரிப் புறநோயாளிப் பிரிவுகளையும் நம்பியிருப்போருக்கே மாற்றம் கடினமானது. ஒரு நாற்காலிக்கு முன் நீண்ட வரிசை காத்திருக்கும் இடத்தில், கூடுதல் நேரம் எடுக்கும் காம்போசிட்டை அவசரமாக வைத்தால் அதன் ஆயுள் குறையும். ஓர் அடைப்பு தோல்வியடையும் ஒவ்வொரு முறையும் குழி பெரிதாகிறது. சிறு அடைப்பு பெரிய அடைப்பாகி, பின் வேர் சிகிச்சையாகி, உறையாகி, இறுதியில் பல்லையே பிடுங்குவதில் முடிகிறது. வேர் சிகிச்சைக்கும் உறைக்கும் பணம் இல்லாதவருக்கு இந்தப் பாதை இன்னும் குறுகியது.

ஆகவே 2034-க்கான ஆயத்தம், ஒரு பொருளைப் பட்டியலிலிருந்து நீக்கி மற்றொன்றைச் சேர்ப்பதோடு முடிந்துவிடாது. ரப்பர் திரையும் தரமான ஒளிக்கருவியும் அரசு பல் மருத்துவப் பிரிவுகளில் வழக்கமாக வேண்டும். சிறு குழிகளுக்கும் பால் பற்களுக்கும் கிளாஸ் அயனோமரை ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே பயன்படுத்தும் வாய்ப்பு உள்ளது. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களின் சேவைப் பட்டியலில் அடிப்படை வாய்நலமும் இடம்பெற்றுள்ளதால், அதற்கான அமைப்பு காகிதத்திலேனும் தயாராகவே உள்ளது. 2014-இல் தொடங்கப்பட்ட தேசிய வாய்நலத் திட்டத்துக்கு, இந்தக் கெடு ஒரு தெளிவான இலக்கை அளிக்கக்கூடும்.

நோயாளி கேட்க வேண்டியவை

பொருளைத் தேர்ந்தெடுக்கையில் விலையையும் நிறத்தையும் தாண்டிச் சில கேள்விகளை மருத்துவரிடம் கேட்பது பயன் தரும். குழி எத்தனை பரப்புகளில் பரவியுள்ளது? ஈறுக்குக் கீழே செல்கிறதா? அடைப்பு வைக்கும்போது ஈரத்தைக் கட்டுப்படுத்த என்ன ஏற்பாடு உள்ளது? இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருப்பின் அது தேர்வை மாற்றுமா? பழைய அடைப்பில் சிறு குறை மட்டுமே இருந்தால், முழுவதும் எடுக்காமல் பழுது பார்க்க இயலுமா?

பொதுவாக, சிறிய மற்றும் நடுத்தரக் குழிகளுக்கு ஈரக் கட்டுப்பாடு சாத்தியமானால் காம்போசிட் பொருத்தமானது. பால் பற்களின் சிறு குழிகளுக்கும், ஈரத்தைத் தவிர்க்க இயலாத இடங்களுக்கும் கிளாஸ் அயனோமர் உதவும். பல்லின் பெரும்பகுதி போய்விட்டால் பீங்கான் அல்லது உலோக உறையே நீடிக்கும். இறுதி முடிவு பல்லை நேரில் பார்க்கும் மருத்துவருடையது.

அடைத்த பின் நோயாளியின் பொறுப்பு தொடங்குகிறது. நாளொன்றுக்கு இரு முறை ஃபுளோரைடு பற்பசையால் துலக்குவதும், பற்களின் இடுக்குகளைத் தூய்மை செய்வதும், உணவுக்கு இடைப்பட்ட வேளைகளில் இனிப்பைக் குறைப்பதும் புதிய சொத்தையைத் தடுப்பதோடு பழைய அடைப்பின் விளிம்பையும் காக்கின்றன. மொத்த உணவு ஆற்றலில் கட்டற்ற சர்க்கரையின் (free sugars) பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை.

அமால்கம், மருத்துவரின் அவசரத்தையும் வாயின் ஈரத்தையும் நோயாளியின் கவனக்குறைவையும் ஓரளவு பொறுத்துக்கொண்டது. அதன் இடத்துக்கு வரும் பொருள்களுக்கு அத்தகைய பொறுமை குறைவு. மருத்துவமனைகளின் வசதியும் மக்களின் வாய்நலமும் அதற்கேற்ப உயராவிட்டால், பாதரசத்தைக் கைவிட்ட நன்மையோடு, பிடுங்கப்படும் பற்களின் எண்ணிக்கையும் கூடக்கூடும். அதைத் தவிர்ப்பதற்கான அவகாசம் இன்னும் பத்து ஆண்டுகளுக்கும் குறைவாகவே உள்ளது.